கையுறைக்குள் லாடம்



போன வாரம் ஒரு ராத்திரி, பேரனும் நானும் மோட்டார் கொட்டாயில் காத்துக் கிடந்தோம். மும்முனை கரண்டு அந்த வாரம் ராத்திரி முறை. வந்து கால் மணி நேரம் ஓடியிருக்கும், டப்புன்னு பியூஸ் போச்சு. பலகையில் இருக்கிற பீங்கான் பியூஸ் கேரியரைக் கழற்றிக் கம்பி மாத்திப் போட்டேன். அதுவும் நம்ம விருத்தாசலத்துச் சூளையில் சுட்ட சாமான்தான், சும்மா சொல்லக்கூடாது, இருபது வருஷமா உழைக்குது. மாத்தி முடிச்சு நிமிர்ந்தா கரண்டே போயிருந்தது. இனி எப்ப வருமோன்னு கயித்துக் கட்டிலில் உட்கார்ந்தப்பதான் பேரன் போனை நீட்டினான்.

"தாத்தா, இந்தாளு யாருன்னு தெரியுதா?"

தெரியாம என்ன! குண்டு தொப்பி, ஒட்டு மீசை, தொளதொள பேண்ட்டு, வளைஞ்ச பிரம்பு. சார்லி சாப்ளின். படத்தின் பெயர் 'தி சாம்பியன்'. 1915 மார்ச் மாதம் வெளிவந்த ஊமைப் படம், அரை மணி நேரம் ஓடும். கொசுவத்தியை ஏத்தி வச்சுட்டு ரெண்டு பேரும் தலையோடு தலை முட்டிக்கொண்டு பார்த்தோம்.

பார்க்காதவர்களுக்காகக் கதையைச் சொல்லிவிடுகிறேன். சார்லி சோத்துக்கு வழியில்லாத நாடோடி. கூட ஒரு நாய். கையில் இருப்பது ஒரே ஒரு கறித்துண்டு. அதை நாய்க்கும் பங்கு வைக்கிறார். அந்த நாய் என்னடான்னா உப்பு போடாமல் திங்கமாட்டேன்னு முகத்தைத் திருப்பிக்கொள்ளுது. அந்த நேரத்தில் வழியில் ஒரு குதிரை லாடம் கிடைக்குது. அதிர்ஷ்டம்னு எடுத்து வச்சுக்கிறார். பக்கத்திலேயே ஒரு குத்துச்சண்டைப் பயிற்சிக் கூடம். வாசலில் பலகை: குத்து வாங்கத் தெரிந்த ஆட்கள் தேவை. அதாவது பெரிய பயில்வான் பழகுவதற்கு அடி வாங்கிக்கொடுக்கிற கூலி வேலை. வரிசையில் உட்கார்ந்திருக்கிறவன் ஒவ்வொருத்தனா உள்ளே போறான், ஒவ்வொருத்தனும் அரை உசிரா வெளியே வர்றான். சார்லி பார்க்கிறார். யாருக்கும் தெரியாமல் லாடத்தைக் கையுறைக்குள் செருகிக்கொள்கிறார். உள்ளே போனதும் ஒரே குத்து. பயில்வான் மல்லாக்க விழுகிறான்.

அப்புறம் அவரையே பெரிய வீரர்னு நினைச்சுப் பட்டத்துச் சண்டைக்குத் தயார் பண்றாங்க. நடுவில் உயரத் தொப்பியும் முறுக்கு மீசையுமா ஒரு சூதாடி வர்றான். பணத்தை நீட்டி, 'தோத்துப் போயிடு'ங்கறான். சார்லிகிட்ட அது பலிக்கலை. கடைசியில் சண்டை. ரெண்டு பேரும் கட்டிப்பிடிச்சு ஆடுறதும், சேர்ந்து சுருண்டு விழுறதும், சாய்ஞ்சுகிட்டே தூங்குறதுமா, சிரிச்சுச் சிரிச்சு எனக்கு இருமல் வந்துடுச்சு. முடிவில் அந்த உப்பு கேட்ட நாய் மேடைக்குள்ள பாய்ஞ்சு எதிராளியின் பேண்ட்டைக் கவ்வுது. சார்லி ஜெயிக்கிறார்.

படம் முடிஞ்சதும் பேரன் கேட்டான்: "சூப்பர்தான் தாத்தா. ஆனா லாடத்தை வச்சு அடிக்கிறது சீட்டிங்தானே? அவரைப் போயி நாம நல்லவருன்னு சிரிக்கிறோமே?"

எட்டாவது படிக்கிற பையன். கேள்வி நியாயம்தான். எனக்குச் சட்டுன்னு பதில் வரலை. அதுக்குள்ள கரண்டு வந்துட்டது, மடை திருப்பப் போயிட்டேன். ஆனா அந்தக் கேள்வி வரப்பு நெடுக என்கூடவே நடந்து வந்தது. அதனால்தான் இந்தப் பதிவு.

எங்க அப்பா சிரித்த சிரிப்பு

இந்தப் படத்தை நான் பார்த்தது இது முதல் தடவை இல்லை. அறுபதுகளின் கடைசியில், எனக்கு ஒன்பது பத்து வயசு இருக்கும்போது, எங்க பக்கத்துக்கு ஒரு டூரிங் கொட்டாய் வந்தது. டெண்டுக் கொட்டாய்னு சொன்னா இப்ப உள்ள பிள்ளைகளுக்குத் தெரியாது. நெல் அறுத்த வயலில் மூங்கில் நட்டு, மேலே கித்தான் கட்டி, சுத்தித் தட்டி வைப்பாங்க. முன்னாடி மண் தரை, நடுவுல பெஞ்சு, பின்னாடி கொஞ்சம் நாற்காலி. மண் தரைக்காரர்கள் மணலைக் குவிச்சு மேடு கட்டி உட்கார்ந்தா, பின்னாடி இருக்கிறவன் கத்துவான். சாயங்காலம் ஒலிபெருக்கியில் பிள்ளையார் பாட்டு போட்டுட்டா டிக்கெட் கொடுக்க ஆரம்பிச்சுட்டாங்கன்னு அர்த்தம். கொல்லையில் களை எடுக்கிற பொம்பளைங்க அந்தப் பாட்டு கேட்டாத்தான் கரை ஏறுவாங்க. ஒரே ஒரு மெஷின்தான் இருக்கும், அதனால ரீல் மாத்துறதுக்கு மூணு நாலு இடைவேளை. மல்லாட்டை, முறுக்கு, சோடா வியாபாரம் எல்லாம் அப்பதான்.

மெயின் படத்துக்கு முன்னாடி அரசாங்கத்தின் செய்திப்படம் கட்டாயம் ஓடும். பீகாரில் வெள்ளம், பிரதமர் அணை திறந்தார், அந்த மாதிரி. செய்திப்படம் வந்து சேராத நாளில், அல்லது மெயின் படம் சின்னதா இருக்கிற நாளில், பழைய துண்டுப் படம் ஏதாவது ஓட்டுவாங்க. அப்படித்தான் ஒருநாள் இந்த லாடக்காரர் வந்தார்.

அன்னைக்கு எங்க அப்பா ஒரு மண்டியில் மல்லாட்டை போட்டுட்டு வந்திருந்தார். எந்த மண்டின்னு வேணாம், இப்ப அது இல்லை. வீட்டில் எடை பார்த்தப்ப ஆறு மூட்டை சரியா இருந்த காய், மண்டித் தராசில் அஞ்சரைகூட தேறலைன்னுட்டாங்க. அங்கே மூட்டை தூக்குறவர் ஒருத்தர் வெளியே வந்து அப்பா காதில் சொன்னாராம்: "தட்டுக்கு அடியில புளி ஒட்டியிருக்காங்க, பாத்தும் பாக்காத மாதிரி போயிடுங்க." அப்பா அப்படியே வந்துட்டார். கேட்க முடியாது. விதைக்காய்க்கும் கூலிக்கும் முன்பணம் வாங்கியிருந்தது அதே மண்டியில்தான். அடுத்த வருஷமும் அங்கேதான் போய் நிக்கணும்.

அந்தக் கோபத்தோடயோ என்னவோ, 'வாடா படத்துக்குப் போவலாம்'னு என்னைக் கூட்டிக்கொண்டு போனார். மண் தரையில்தான் உட்கார்ந்தோம். சார்லி லாடத்தைக் கையுறைக்குள்ள செருகின இடத்தில் அப்பா சிரிக்க ஆரம்பிச்சார். பயில்வான் விழுந்ததும் தொடையைத் தட்டிக்கிட்டுச் சிரிச்சார். கண்ணில் தண்ணி வந்துடுச்சு. அவர் அப்படிச் சிரிச்சு அதுக்கு முன்னாடி நான் பார்த்ததில்லை, அப்புறமும் பார்த்ததில்லை. மெயின் படம் என்னன்னுகூட எனக்கு நினைவில்லை. வீட்டுக்கு நடந்து வரும்போது, ரொம்ப தூரம் பேசாமல் வந்தவர், ஏரிக்கரை ஏறினதும் ஒரே ஒரு வார்த்தை சொன்னார்.

"அவனுக்காவது ஒரு லாடம் கெடச்சுது."

எனக்கு அன்னைக்கு அது புரியலை.

அமெரிக்காக்காரன் நம்ம கொட்டாய்க்கு வந்த வழி

எங்கேயோ கலிபோர்னியாவில் எடுத்த படம் நம்ம ஊர் வயக்காட்டுக்கு எப்படி வந்தது? இதுக்கு முன்கதை இருக்கு.

திருச்சியில் ரயில்வேயில் வரைபடம் போடுகிற வேலையில் இருந்தவர் சாமிக்கண்ணு வின்சென்ட், கோயம்புத்தூர்க்காரர். 1905-இல் டூபாண்ட் என்ற பிரெஞ்சுக்காரர் படம் காட்டிக்கொண்டு தெற்கே வந்தார். அவருக்கு உடம்பு முடியாமல் போனதும், அவருடைய புரொஜெக்டரையும் படங்களையும் சாமிக்கண்ணு விலைக்கு வாங்கினார். ரயில்வே வேலையை விட்டுட்டு ஊர் ஊராகக் கூடாரம் போட்டுப் படம் காட்ட ஆரம்பித்தார். தமிழ்நாட்டில் டெண்டு சினிமாவுக்குப் பிள்ளையார் சுழி அதுதான். 1914-இல் கோயம்புத்தூரில் வெரைட்டி ஹால் என்று நிரந்தரத் தியேட்டரும் கட்டினார்.

அப்ப எல்லாம் ஊமைப் படம். எழுத்து அட்டை வந்தாலும் படிக்கிறவன் யாரு? அதனால் திரைக்குப் பக்கத்தில் ஒருத்தர் நின்றுகொண்டு, கதையை உரக்கச் சொல்லுவார். கூத்தில் கட்டியக்காரன் வந்து சொல்லுவானே, அதே மாதிரி. படத்தில் இருக்கிறவனுக்குத் தமிழில் பேர் வைப்பார், வசனம் வைப்பார், நக்கல் பண்ணுவார். வெள்ளைக்காரன் படத்துக்குத் தமிழ் வாய் கொடுத்தவங்க அவங்கதான். சிரிப்புப் படத்துக்கும் சண்டைப் படத்துக்கும் அவர்களுக்கு வேலை சுலபம். விழுந்தவன் விழுந்தான், அடிச்சவன் அடிச்சான், அதுக்கு மொழி எதுக்கு?

1920-களின் கடைசியில் நம்ம விருத்தாசலம் வழியாகப் புது ரயில் பாதைகள் வந்தன. விழுப்புரத்திலிருந்து திருச்சிக்கு ஒரு குறுக்குப் பாதை, கடலூருக்கு ஒரு பாதை. படப்பெட்டி ரயில் பார்சலில் வரும், ஸ்டேஷனிலிருந்து மாட்டு வண்டியில் கொட்டாய்க்குப் போகும். 'பெட்டி வந்துடுச்சா?' என்பதுதான் அந்தக் காலத்துக் கேள்வி. எங்க தாத்தா முரட்டு ஆளைப் பார்த்தால் 'பெரிய எட்டிபோலோ இவரு' என்பார். ஏதோ கெட்ட வார்த்தைன்னு நான் ரொம்ப நாள் நினைச்சிருந்தேன். எட்டி போலோ என்பவர் ஊமைப்படக் காலத்து அமெரிக்கச் சண்டை நடிகர், சர்க்கஸிலிருந்து வந்தவர், நம்ம பக்கத்தில் அவருக்குக் கொடி பறந்தது என்பதெல்லாம் பின்னாடி படிச்சுத்தான் தெரிஞ்சுகிட்டேன்.

இதை அரசாங்கமே விசாரிச்சிருக்கு. 1927-இல் வெள்ளைக்கார அரசு ஒரு சினிமா விசாரணைக் குழு போட்டது. தலைவர் நம்ம சென்னை வக்கீல் தி. ரங்காச்சாரியார். அப்ப இங்கே ஓடின படங்களில் பெரும்பகுதி அமெரிக்கப் படங்கள். இது இந்தியர்களைக் கெடுக்குது, பிரிட்டிஷ் படங்களுக்குச் சலுகை கொடுக்கணும் என்பது வெள்ளைக்கார முதலாளிகள் ஆசை. குழு நாடு முழுக்கச் சுத்தி, சாட்சிகளைக் கேட்டு, 1928-இல் அறிக்கை கொடுத்தது. பிரிட்டிஷ் படங்களுக்குத் தனிச் சலுகை வேண்டாம் என்றே சொல்லிவிட்டது. ஜனங்களுக்குப் பிடிச்சவங்க யாருன்னு கேட்டதில் திரும்பத் திரும்ப வந்த பேருங்க சார்லி சாப்ளின், ஹெரால்டு லாயிடு, டக்ளஸ் ஃபேர்பேங்க்ஸ், எட்டி போலோ. ரெண்டு பேர் சிரிப்பு, ரெண்டு பேர் சண்டை. படிச்சவங்க முகம் சுளிச்சாலும், மண் தரையில் உட்கார்ந்தவன் கொடுத்த காலணா அரையணாதான் சினிமா எப்படி இருக்கணும்னு தீர்மானம் பண்ணிச்சு. இன்னைக்கும் நம்ம படத்தில் ரெண்டு சண்டை, ஒரு காமெடி டிராக்குன்னு வைக்கிறாங்களே, அதுக்கு வேர் அங்கே இருக்குன்னு நான் நினைக்கிறேன்.

முப்பதுகளில் தமிழ் சண்டைப் படங்களில் பாட்லிங் மணி என்று ஒரு நடிகர் இருந்தார். 'பாட்லிங்' என்பது அமெரிக்காவில் குத்துச்சண்டைக்காரர்கள் வைத்துக்கொள்கிற பட்டப்பேர். பாட்லிங் நெல்சன், பாட்லிங் சிகி என்றெல்லாம் அங்கே வீரர்கள் இருந்தார்கள். குத்துச்சண்டையை நேரில் பார்க்காத ஊரிலும் அந்தப் பட்டப்பேருக்கு மவுசு இருந்திருக்கு பாருங்க.

சிரிப்புக்குப் பின்னாடி இருந்த சங்கதி

இப்ப பேரனுடைய கேள்விக்கு வருவோம். சார்லி செஞ்சது ஏமாத்துதானே?

அந்தப் படம் வந்த காலத்தில் குத்துச்சண்டை எந்த லட்சணத்தில் இருந்தது என்று பார்க்கணும். 1908 முதல் ஹெவிவெயிட் உலகச் சாம்பியனாக இருந்தவர் ஜாக் ஜான்சன் என்ற கருப்பர். ஒரு கருப்பர் வெள்ளைக்காரனை அடிச்சுப் படுக்க வைக்கிறதை அமெரிக்காவில் பலரால் பொறுக்க முடியலை. 1910-இல் ஜெஃப்ரீஸ் என்கிற பழைய வெள்ளைச் சாம்பியனைத் திரும்பக் கூட்டிவந்து மோதவிட்டாங்க. ஜான்சன்தான் ஜெயிச்சார். பல ஊர்களில் கலவரமாகி உயிர்கள் போயின. 1912-இல் குத்துச்சண்டைப் படச்சுருளை ஒரு மாநிலத்திலிருந்து இன்னொரு மாநிலத்துக்குக் கொண்டுபோகவே கூடாதுன்னு சட்டம் போட்டாங்க. 1940 வரைக்கும் அந்தச் சட்டம் இருந்தது. ஆனா அது நிஜச் சண்டைப் படத்துக்குத்தான். சிரிப்புச் சண்டைக்குத் தடை இல்லை. 'தி சாம்பியன்' வெளிவந்து ஒரு மாசம்கூட ஆகலை, 1915 ஏப்ரல் 5-ஆம் தேதி ஹவானாவில் ஜெஸ் வில்லார்டு என்ற வெள்ளைக்காரரிடம் ஜான்சன் பட்டத்தை இழந்தார்.

இன்னொரு பக்கம் சூதாட்டக் கும்பல். சண்டை போடுறவன் ரெண்டு பேர், ஆனா பணம் கட்டுறவன் ஆயிரம் பேர். யார் தோற்கணும்னு முன்னாடியே முடிவு பண்ணிட்டா அந்தப் பணம் முழுக்க ஒருத்தன் மடியில். சாப்ளின் படத்தில் வர்ற முறுக்கு மீசைக்காரன் கற்பனை இல்லை. ஜேக் லமோட்டா என்ற பெரிய வீரர் 1947-இல் பில்லி ஃபாக்ஸிடம் தோற்றார். வேணும்னேதான் தோத்தேன்னு 1960-இல் அமெரிக்க செனட் விசாரணையில் அவரே ஒத்துக்கொண்டார். பட்டத்துக்கு மோதணும்னா கும்பல்காரன் சொல்றபடி ஒரு தடவை தோத்துக் காட்டணும். உலகத்திலேயே திறமைசாலியா இருந்தாலும் மண்டிக்காரன் தராசில்தான் நிக்கணும்னு அர்த்தம்.

சாப்ளினுக்கு இந்தக் கணக்கு நல்லாத் தெரியும். லண்டனில் பிறந்து, ஏழு வயசில் ஏழைகள் விடுதியில் சேர்க்கப்பட்டவர். 'தி சாம்பியன்' எடுக்கிறப்ப அவருக்கு வாரம் 1,250 டாலர் சம்பளம், அப்ப அது மலைக்கிற தொகை. ஆனா படத்தில் அவர் போட்டதெல்லாம் பசிச்சவன் வேஷம்.

அதிலேயும் ஒரு நுணுக்கம் இருக்கு. பேரனை ரெண்டாவது தடவை பார்க்கச் சொன்னேன். லாடத்தைச் சார்லி பயன்படுத்துறது எங்கே? கூலிக்கு அடி வாங்கப் போற இடத்தில். அங்கே போட்டியே கிடையாது. ஒருத்தன் அடிக்கிறதுக்கும் இன்னொருத்தன் வாங்கிக்கிறதுக்கும் ஏற்கெனவே எழுதி வச்ச இடம் அது. பட்டத்துக்கு நடக்கிற பெரிய சண்டையில் லாடம் கிடையாது. அங்கே அடி வாங்கி, விழுந்து எழுந்து, கடைசியில் நாய் வந்துதான் கரை ஏத்துது. சூதாடியோட காசுக்கும் அவர் தோத்துக் கொடுக்கலை. ஆக, எங்கே ஏமாத்தினார், எங்கே ஏமாத்தலைன்னு அந்தப் படத்திலேயே வரப்பு போட்டுத்தான் வச்சிருக்காங்க.

பதினாறு வருஷம் கழிச்சு, 1931-இல், 'சிட்டி லைட்ஸ்' படத்தில் சாப்ளின் மறுபடியும் குத்துச்சண்டை மேடை ஏறினார். கண்ணு தெரியாத பூக்காரப் பெண்ணுக்கு வாடகை கட்டணும். எதிராளியிடம் 'மெதுவா அடிச்சுக்குவோம், வர்ற காசைப் பாதிப் பாதி எடுத்துக்குவோம்'னு பேசி வச்சிருப்பார். அந்த ஆளைப் போலீஸ் தேடுதுன்னு தகவல் வந்ததும் அவன் ஓடிடுவான். அவனுக்குப் பதிலா வர்றவன் பங்கு கிங்கு எல்லாம் கிடையாதுன்னுடுவான். சண்டை முழுக்கச் சிரிப்புதான், ஆனா முடிவில் சார்லி தோத்துப்போவார். லாடமும் இல்லை, நாயும் இல்லை. இளவயசில் ஜெயிக்க வச்சவர், அனுபவம் வந்ததும் தோற்க வச்சார். எனக்கு அந்தத் தோல்விதான் உண்மைக்குப் பக்கத்தில் தெரியுது.

அந்தக் கதை தமிழுக்கும் வந்தது. 1954-இல் ஜெமினி ஸ்டூடியோ எடுத்த 'ராஜி என் கண்மணி' 'சிட்டி லைட்ஸ்' படத்தைத் தழுவினதுதான். டி. ஆர். ராமச்சந்திரன் நாயகன், ஸ்ரீரஞ்சனி பூக்காரப் பெண். அந்த முட்டைக்கண்ணை உருட்டிக்கிட்டு அப்பாவியாய் நிற்கிற ராமச்சந்திரனைப் பார்த்தவங்களுக்கு, அவரை ஏன் அந்த வேஷத்துக்குப் போட்டாங்கன்னு தெரியும்.

இந்தக் குத்துச்சண்டைச் சிரிப்பு அமெரிக்காவில் ரொம்ப நாள் ஓடியது. 1934-இல் மூணு கோமாளிகள் சேர்ந்த 'த்ரீ ஸ்டூஜஸ்' குழு 'பஞ்ச் டிரங்க்ஸ்' என்று ஒரு குறும்படம் எடுத்தது. ஒரு பாட்டு வயலினில் கேட்டா மட்டும் வெறி வந்து அடிக்கிற ஒரு ஓட்டல் பணியாளரைக் குத்துச்சண்டை வீரர் ஆக்குற கதை. சண்டை நேரத்தில் வயலின் உடைஞ்சுபோகும், மத்ததை நீங்களே நினைச்சுக்குங்க. 2002-இல் அதைப் பாதுகாக்க வேண்டிய படம்னு அமெரிக்க அரசின் தேசியப் படப் பட்டியலில் சேர்த்துட்டாங்க. 'தி சாம்பியன்' படத்தில் சார்லியோட கடைசியில் மோதுற குண்டர் பட் ஜாமிசன், இந்தக் கோமாளிகளோட படங்களிலும் போலீஸ்காரர், முதலாளின்னு நிறைய வந்து போவார்.

நம்ம சென்னையில்

குத்துச்சண்டை நம்ம தமிழ்நாட்டுக்கே புதுசு இல்லை. வெள்ளைக்காரன் காலத்தில் துறைமுகத்தை ஒட்டின வடசென்னையில் வேர் பிடிச்சது. மூட்டை தூக்குறவர், மீன் பிடிக்கிறவர், மில் வேலை செய்றவர், இவங்க பிள்ளைங்கதான் கையுறை மாட்டினாங்க. சார்பட்டா பரம்பரை, இடியாப்ப நாயக்கர் பரம்பரை என்று பிரிஞ்சு போட்டி போட்டாங்க. போஸ்டரில் 'ரோஷமான குத்துச்சண்டை'ன்னே போடுவாங்க. ஆங்கிலோ-இந்திய வீரர் நாட் டெரி, அவரோடு மோதின கித்தேரி முத்து, இந்தப் பேருங்க அங்கே உள்ள பெரியவங்க வாயில் இன்னும் இருக்கு. 1980 ஜனவரியில் முகமது அலியே சென்னைக்கு வந்து, நேரு ஸ்டேடியத்தில் ஜிம்மி எல்லிஸோடு காட்சிச் சண்டை போட்டார். அப்ப முதலமைச்சரா இருந்த எம்.ஜி.ஆரும் வந்திருந்தார்.

2021-இல் பா. ரஞ்சித் எடுத்த 'சார்பட்டா பரம்பரை' வந்தப்ப இதெல்லாம் இளவட்டங்களுக்கும் தெரிஞ்சது. எங்க வீட்டில் எல்லாரும் சேர்ந்து பார்த்தோம். அதில் கபிலன் ஜெயிக்கப்போற நேரத்தில் மேடையைக் கலைச்சுடுவாங்க. அப்புறம் அவன் சாராயம், கத்தின்னு போயிடுவான். பார்த்தப்ப எனக்கு அந்த முறுக்கு மீசைச் சூதாடி நினைவுதான் வந்தது. அமெரிக்காவில் கும்பல்காரன் காசைக் காட்டித் தோற்கச் சொன்னான். இங்கே ஜாதியும் வீம்பும் சேர்ந்து ஜெயிக்க விடாம பண்ணுச்சு. ரெண்டு இடத்திலும் அடிபட்டது கையுறை போட்டவன்தான். அந்தப் படத்தில் சிரிப்புக்குன்னு வர்ற டான்சிங் ரோஸ் மட்டும், ஆடிக்கிட்டே சண்டை போட்டு எல்லார் மனசிலும் நின்னுட்டார். மேடையில் ஆடுறவனை ஜனங்களுக்கு அன்னைக்கும் பிடிச்சது, இன்னைக்கும் பிடிக்குது.

பேரனுக்குச் சொன்ன பதில்

ஞாயித்துக்கிழமை பரண் மேல ஏறி ஒரு பழைய தகர டப்பாவை எடுத்தேன். அதில் எங்க வண்டி மாட்டுக்குக் கடைசியாக் கட்டின லாடம் ரெண்டு கிடந்தது. பேரன் கையில் கொடுத்தேன். திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

"என்ன தாத்தா இது, படத்துல வந்த மாதிரி இல்லையே? வெறும் தகடா இருக்கு."

"அது குதிரை லாடம்டா. குதிரைக்கு ஒத்தைக் குளம்பு, அதனால வளைவா ஒரே துண்டு. மாட்டுக்குப் பிளந்த குளம்பு. ஒரு காலுக்கு ரெண்டு தகடு, நாலு காலுக்கு எட்டு. மாட்டைக் கயித்தால கட்டிச் சாய்ச்சுப் போட்டுத்தான் அடிப்பாங்க."

"வலிக்காதா?"

"ஆணி சதையில இறங்கினா வலிக்கும். கை தேர்ந்தவரு அடிச்சா வலிக்காது. ரோட்டுல பாரம் இழுக்கிற மாட்டுக்கு லாடம் இல்லன்னாத்தான் குளம்பு தேய்ஞ்சு ரத்தம் வரும்."

குதிரை லாடத்தை நம்ம ஊரிலும் நிலைப்படியில் அடிச்சு வைப்பாங்க, திருஷ்டி படாதுன்னு. அதனால அன்னைக்கு டெண்டுக் கொட்டாயில் சார்லி அதை எடுத்துப் பையில் வச்சப்ப யாருக்கும் விளக்கம் தேவைப்படலை. அதைக் கையுறைக்குள்ள வச்சப்பவும் தேவைப்படலை. தரையில் உட்கார்ந்திருந்தவங்க எல்லாரும் ஏதோ ஒரு தராசில் நின்னுட்டு வந்தவங்கதான்.

அப்புறம்தான் அவனுக்கு மண்டிக் கதையைச் சொன்னேன். தட்டுக்கு அடியில் ஒட்டின புளியைச் சொன்னேன். தாத்தாவுக்குத் தாத்தா மாதிரி நிழற்படத்தில் மட்டும் பார்த்த எங்க அப்பாவைப் பற்றி, அவர் தொடையைத் தட்டிச் சிரிச்சதைப் பற்றி, ஏரிக்கரையில் சொன்ன வார்த்தையைப் பற்றி.

அவன் கொஞ்ச நேரம் யோசிச்சான். "அப்ப அவரும் புளி ஒட்டியிருக்கணும்ங்கறீங்களா?"

"இல்லடா. எங்க அப்பா சாகிற வரைக்கும் யாருக்கும் எடை குறைச்சுப் போட்டதில்லை. அவரு தராசு உங்க பாட்டிகிட்ட இருக்கு, போய்ப் பாரு. ஏமாத்துறது தப்புதான். நீ சொன்னது சரி. ஆனா யாரைப் பார்த்துச் சிரிக்கிறோம்னு பாரு. ஏற்கெனவே மாத்தி வச்ச தராசு ஒரு தடவை எதிர்ப்பக்கம் சாயுதேன்னு சிரிக்கிறோம். சிரிச்சுட்டு எழுந்து வந்து நேர்மையாத்தான் நடக்கிறோம். அந்த அரை மணி நேரச் சிரிப்பு இல்லன்னா அப்படி நடக்கத் தெம்பு இருந்திருக்காது."

அவனுக்கு முழுசா ஒப்புதல் இல்லைன்னு முகத்தைப் பார்த்தாலே தெரிஞ்சது. இருக்கட்டும். ஒப்புக்கொள்ளாமல் இருக்கிற வயசுதான் அது. லாடத்தில் ஒண்ணை மட்டும் கேட்டு வாங்கிட்டுப் போனான். என்னத்துக்குடான்னா, பள்ளிக்கூடத்தில் காட்டப்போறேன்னான்.

கையுறைக்குள்ள மட்டும் வச்சுடாதேன்னு சொல்லி அனுப்பினேன்.

அந்தப் படம் இப்ப காப்புரிமை முடிஞ்சு இணையத்தில் இலவசமாகவே கிடைக்குது. மும்முனை கரண்டுக்குக் காத்திருக்கிற ராத்திரிக்குச் சரியான துணை. வீட்டுப் பிள்ளைகளைப் பக்கத்தில் வச்சுக்கிட்டுப் பாருங்க. உங்க பக்கத்து டெண்டுக் கொட்டாய் எது, அங்கே என்ன துண்டுப் படம் பார்த்தீங்கன்னு நினைவு இருந்தா சொல்லுங்க. அடுத்த பதிவில் நம்ம பக்கத்து லாடம் அடிக்கிறவங்களைப் பற்றி எழுதலாம்னு இருக்கேன்.